சொல்லாமல் எழும்பிப் போனவர்கள்

கனகலிங்கத்தார் எழும்பினார், தொண்டையைச் செருமினார், மனைவிக்குக் கண்ணைக் காட்டினார், இரண்டு பேரும் வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போட்டு வாறம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்திய பிறகுதான் எனக்கு விளங்கியது. கலியாண வீடு, சாமத்திய வீடு என்றால் கை துடைத்த கையோடு கண்ட ஆட்களிடமெல்லாம் போட்டு வாறம், போட்டு வாறம் என்று சொல்லி, பிறகு லிஃப்ட் வாசலிலும் நின்று இன்னும் அரை மணித்தியாலம் கதைக்கிற மனிதர் அவர். சொல்லாமல் எழும்பிப் போவது செத்த வீட்டில்தான். அங்கே போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் இன்னொரு சாவுக்குத் திரும்பி வருவோமாம். அப்படியென்றால் மனிதர் என் வீட்டைச் செத்த வீடு ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். முந்தநாள் பெய்த மழையில் மலை சரிந்து, என் மகன் துவாரகன் வேலை செய்கிற ஹொட்டேல் இருக்கிற பள்ளத்தாக்கு முழுக்கச் சேறும் கல்லுமாக இறங்கியிருக்கிறது. பாதை இல்லை, கரண்ட் இல்லை, போன் கோபுரம் விழுந்துவிட்டது, சில பேரைக் காணவில்லை. அவ்வளவுதான் தெரியும். அவன் உயிரோடு இருக்கிறானா என்று சுவிஸ் பொலிசுக்குத் தெரியாது, மீட்புக்காரருக்குத் தெரியாது, மேலே ஹெலிகொப்டரில் சுற்றுகிறவனுக்கும் தெரியாது. கோயில் செயலாளர் கனகலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தேன்.

இருக்கிற மிச்சம் பேரைப் பாருங்கள். சோபாவில் நாலு, கதிரைகளில் ஆறு, நிலத்தில் பாய் விரித்து ஏழெட்டு. பாயை ஆர் விரித்தது? நான் விரிக்கச் சொல்லவில்லை. இந்த வீட்டுப் பாய் அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் கிடந்தது, அதை எங்களுக்கே தேடிப்பிடிக்க ஒரு நாள் போகும், இவர்கள் வந்து காலாறுவதற்குள் எடுத்து விரித்துவிட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து மனோகரி ரீச்சர் தவமணிக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறாள். தவமணிக்கு முதுகில் ஆர் தொட்டாலும் பிடிக்காது, கலியாணம் கட்டின எனக்குத் தெரியும், ஆனால் இன்றைக்கு அவள் சொல்லமாட்டாள், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சுவரில் ஒன்றும் இல்லை. இதே ரீச்சர்தான் துவாரகனுக்கு ழகரம் வராது, இவன் மொக்கன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவள். இப்போது, "தங்கமான பிள்ளை. எவ்வளவு வடிவாய்த் தேவாரம் பாடுவான்," என்கிறாள். பாடுவானாம்! அவன் ஒரு நாளும் பாடியதில்லை, வாயை மட்டும் அசைப்பான், வெள்ளிக்கிழமைப் பூசையில் பின்வரிசையில் நின்று வாயை அசைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். பாடினான் என்று இறந்தகாலத்தில் சொல்லாமல் விட்டாளே, அதற்கு ஒரு கும்பிடு. கொஞ்சம் பொறுங்கள், அடுத்த மணித்தியாலம் அதுவும் வரும். தவமணியின் தமையன் பரராசசிங்கம், என் மச்சான், பெரிய கடை முதலாளி, சாப்பாட்டோடு வந்திருக்கிறார். இடியப்பம், சொதி, சம்பல், கடலை, கடதாசிப் பீங்கான், தண்ணிப் போத்தல் ஒரு கட்டு. கொண்டுவந்து மேசையில் அடுக்கிப்போட்டு, "நீங்கள் அடுப்பு மூட்டவேண்டாம், எல்லாம் நாங்கள் பாக்கிறம்," என்றார். அடுப்பு மூட்டவேண்டாம். செத்த வீட்டில்தான் அடுப்பு எரிவதில்லை, அயலும் சனமும் சமைத்துக் கொண்டுவரும், அதுதான் முறை. மனிதர் முறையோடு செய்கிறார். நாளைக்குப் பந்தலும் போடுவார், இந்த மூன்றாம் மாடியில் இடம் இருந்தால். என் வீட்டில், முப்பது வருசம் ஹொட்டேல் அடுப்பில் வெந்தவனுடைய வீட்டில், அடுப்பு மூட்டவேண்டாமாம்.

மூட்டினேன். மின்சார அடுப்பைத் திருகினால் மூட்டியதாகாது என்று மச்சான் சொல்லக்கூடும், அதனால் பெரிய பானையை வைத்து, எண்ணெயை ஊற்றி, கடுகைப் போட்டு, அது வெடித்துச் சத்தம் போடும்வரை நின்றேன். ஃபிரிட்ஜில் ஆட்டிறைச்சி இருந்தது, நாளைக்குச் சமைக்கவென்று உறைந்ததைக் கரைய விட்டிருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உடைத்ததில்லை. இருக்கட்டும். செத்த வீட்டில் இறைச்சி வேகாது, ஆகவே இறைச்சி வேகிற வீடு செத்த வீடில்லை. வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை இலை, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டினேன். மணம் ஹோலுக்குள் போனதும் கதை நின்றது. எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. மணக்கட்டும், இன்னும் மணக்கட்டும், இவர்களுடைய உடுப்பில் ஏறி வீடுவரைக்கும் போகட்டும். துவாரகன் நின்றால் பானைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். அப்பா நீங்கள் இறைச்சியைக் கொல்லுறீங்கள் என்பான். அவன் படித்த சமையலில் இறைச்சியைத் தாலாட்டி நித்திரை கொள்ள வைப்பார்கள், பிறகு ஒரு பெரிய வெள்ளைப் பீங்கானுக்கு நடுவில் கோழிக்குப் போட்டதுபோல் ஒரு பிடி வைப்பார்கள், அதைச் சுற்றி என்னவோ பச்சையாய் மூன்று சொட்டு விடுவார்கள். படத்தைப் போனில் அனுப்புவான். சாப்பிட்டவன் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிடுவான் என்று கேட்டு எழுதினால் சிரிப்புப் படம் வரும். நான் குசினிக்குள் கிடந்து சாம்பியது இவன் குசினிக்குள் போகக்கூடாது என்பதற்குத்தான். வங்கியில் தொழிற்பயிற்சி கிடைத்தது, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனான், தவமணி வாசலில் நின்று கண்ணூறு கழித்தாள். ஒரு வருசம். பிறகு வந்து, எனக்கு உதில மூச்சு முட்டுது என்றான். கண்ணாடிக் கட்டடத்தில் கதிரையில் இருக்க மூச்சு முட்டுகிறதாம், ஆவிக்குள் நிற்க முட்டாதாம். அதுவும் ஊருக்குள் உள்ள குசினி காணாது, மலைக்கு மேலே, மாடு மேய்கிற இடத்தில். நான் ஏசினேன். அவன் கோபிக்கவில்லை, அவன் ஒருநாளும் கோபிப்பதில்லை, அதுதான் எரிச்சல். சொன்னான்: "அப்பா, அங்க ஆக்கள் சாப்பிட்டு முடிய என்னை வெளியில கூப்பிட்டு நன்றி சொல்லுவினம். உங்களை ஒருநாளாவது ஆரும் கூப்பிட்டவையே?" இறைச்சியைப் பிரட்டினேன். கூப்பிட்டதில்லை. பீங்கான் போகும், வெறும் பீங்கான் திரும்பி வரும், அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் இருந்த சம்பந்தம். பீங்கானில் மிச்சம் இல்லாமல் வந்தால் அதுதான் நன்றி என்று நான் நினைத்திருந்தேன். விசரன்.

மணி அடித்தது. அகப்பை கையில் நின்றுவிட்டது. இந்த மணி இன்றைக்கு எத்தனை தரம் என்னைக் கொன்றுவிட்டது. மகள் விதுஷா தன்னுடைய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உதவி எண்ணுக்கு அடித்தபடி இருக்கிறாள், காலையில் அங்கே ஒரு பெண் சொன்னாளாம்: ஆளைக் கண்டுபிடித்து, உயிரோடு இருந்தால் உடனே போன் எடுப்போம், மற்றச் செய்தியை நாங்கள் போனில் சொல்லுவதில்லை, பொலிஸ் வீட்டுக்கு வந்துதான் சொல்லும். இந்த நாட்டின் நாகரிகம் அது. அதைக் கேட்டதிலிருந்து போன் என் சட்டைப் பையில், காது வாசலில். இதை நான் ஹோலில் இருந்தவர்களுக்கும் சொன்னேன், தமிழில், விளங்கும்படி. மணியை அடிக்காதேங்கோ, கதவு திறந்துதான் இருக்கு, தட்டிப்போட்டு உள்ள வாங்கோ என்று. தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் கீழே போய்ச் சிகரட் குடித்துவிட்டு வந்து மணியை அடித்தார்கள். இப்போது அடித்தது ஒரு பெடியனும் பெண்சாதியும், மச்சானுடைய கடையில் வேலை செய்கிறவர்களாம், துவாரகனை அவர்கள் கண்டதேயில்லை. "முதலாளி வரச் சொன்னவர் அண்ணை." வாங்கோ வாங்கோ என்று நான் உரத்துச் சொன்னேன், கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவன்போல. செத்த வீட்டில் வாங்கோ என்றும் சொல்வதில்லை. அந்தப் பெடியன் பயந்துபோய் என் அகப்பையைப் பார்த்தான். விடுப்புப் பார்க்க, வேடிக்கை பார்க்க வந்ததுகள். இந்தச் சனத்துக்கு ஒரு வீட்டில் சாவு என்றால் கால் தரையில் நிற்காது, யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வந்ததுகள் இங்கே காரில் வருகுதுகள், அதுதான் முன்னேற்றம். நான் மணியைக் கழற்றி எறிந்திருப்பேன், ஆனால் கழற்றிவிட்டால் பொலிஸ் வரும்போது எனக்குத் தெரியாமல் போய்விடும். தெரியாமல் போனால் நல்லதுதானே. இல்லை, நல்லதில்லை. இறைச்சி அடிப்பிடிக்கப் பார்த்தது, ஓடிப்போய்த் தண்ணீர் விட்டேன்.

ஒரு விசயம் இருக்கிறது, அதை நான் ஆருக்கும் சொல்லவில்லை. தவமணிக்குச் சொல்லவில்லை, விதுஷாவுக்குச் சொல்லவில்லை. இவர்கள் ஹோலில் இருந்து ஹெலிகொப்டர் எடுத்த படத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள், ஹொட்டேல் நாலு மாடி, சேறு இரண்டாம் மாடிவரைதான் வந்தது, பெடியன் மேல்மாடிக்கு ஓடியிருப்பான், கெட்டிக்காரன் என்று. இவர்களில் ஒருவரும் ஹொட்டேலுக்குப் பின்பக்கத்தால் போனவர்கள் இல்லை. குசினியை எந்த ஹொட்டேல்காரனும் மேலே கட்டமாட்டான். மேலே காற்றும் காட்சியும், அதற்குக் காசு. குசினி கீழே, நிலத்துக்குள் பாதி இறங்கி, பின்பக்கம், குப்பைவண்டி வருகிற பக்கம். மலையில் கட்டின ஹொட்டேலுக்குப் பின்பக்கம் என்றால் மலை. சின்னதாய் ஒரு ஜன்னல் இருக்கும், கூரையோடு ஒட்டி, அதால் நடக்கிறவர்களின் கால் தெரியும். நான் வேலை செய்த அத்தனை குசினியும் அப்படித்தான். சேறு இறங்கியது இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் சமையல்காரன் ஒருத்தன் மேல்மாடியில் நிற்கமாட்டான், நின்றால் அவன் சமையல்காரன் இல்லை. அவன் அடுப்படியில்தான் நின்றிருப்பான். முதலில் அந்தச் சின்ன ஜன்னல் இருண்டிருக்கும். மழைக்கு இருளுகிறது என்று நினைத்திருப்பான், நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டான், ஏனென்றால் சட்டியில் ஏதோ பொரிந்துகொண்டிருக்கும், பொரிகிறதை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தது ஆர்? போதும். உப்புப் பார்த்தேன். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தேன், அதிலும் தெரியவில்லை, மண்தான் தெரிந்தது, வாய் முழுக்க மண்.

"என்ன மச்சான் செய்யிறீங்கள்?" பரராசசிங்கம் குசினிக்குள் வந்து நின்றார். மூக்கைக் கைலேஞ்சியால் பொத்தியிருந்தார். இவர் கடையில் ஆடும் கோழியும் மீனும் தொங்குகிறது, வெள்ளிக்கிழமை விற்பதில் பிழையில்லையாம்.

"பாத்தால் தெரியேல்லையே? சமைக்கிறன்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. சனம் இருக்கு. என்ன நினைப்பினம்?"

"பசிக்குது எண்டு நினைப்பினம். எல்லாருக்கும் காணும், சொல்லுங்கோ இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லி. போகேக்க சொல்லிப்போட்டுப் போகச் சொல்லுங்கோ."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ரத்தினம், மனதைத் திடப்படுத்த வேணும். நான் ஐயரோட கதைச்சிட்டன். எங்கட ஆக்கள் படம் ஒண்டு கேக்கினம், வட்ஸ்அப் குறூப்பில போடுறதுக்கு. சும்மா ஒரு ஆயத்தத்துக்குத்தான். வடிவான படமாய் ஒண்டு, கோட் போட்டது இருந்தால்..." எனக்கு விளங்கியது. கண்ணீர் அஞ்சலிக்குப் படம். மேலே ஒரு விளக்கு, கீழே ரோசாப்பூ, ஒரு மூலையில் பரராசசிங்கம் அன்ட் சன்ஸ். கோட் போட்ட படம் வங்கிக்குப் போன நாளில் எடுத்தது, அது ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் இவர் கேட்கிறார். சமையல் சட்டையும் தொப்பியுமாய் அவன் அனுப்பிய படங்கள் போன் நிறையக் கிடக்கிறது, அதுகளைக் குறூப்பில் போட்டால் மரியாதை இல்லை. செத்தால்கூட இவர்களுக்கு அவன் வங்கியில்தான் சாகவேண்டும். நானும் அதைத்தானே விரும்பினேன் என்று எங்கேயோ ஒன்று குத்தியது, அதைத் தள்ளிவிட்டேன், இப்போது அதற்கு நேரமில்லை. இந்த மனிதரின் பெரிய வெள்ளை முகத்துக்கு அந்தக் கொதிக்கிற குழம்பில் ஒரு அகப்பை, ஒரே ஒரு அகப்பை. கை போகவும் செய்தது. "வெளியில போங்கோ," என்றேன். "என்ர மகன் வந்து கேப்பான், மாமா ஏன் என்ர படத்தைக் கேட்டவர் எண்டு. அப்ப நீங்கள்தான் பதில் சொல்லவேணும்." அவர் என்னை அன்போடு பார்த்தார். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்ட அன்பு. தோளைத் தட்டினார். அந்த நேரம் மணி அடித்தது.

சரி, இந்த முறை அடித்தவனுக்கு இருக்கிறது என்று அகப்பையோடு போனேன். வாங்கோ என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். வாசலில் நீல உடுப்பில் இரண்டு பேர். ஒரு ஆண், ஒரு பெண். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள். எனக்குப் பின்னால் முதலில் கத்தியது தவமணி இல்லை, மனோகரி ரீச்சர்தான், அதற்குப் பிறகு வீடு முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தது. ஐயோ என்ர ராசா என்று ஒருத்தி, எங்களை விட்டிட்டுப் போட்டியே என்று ஒருத்தி, மச்சான் குசினியிலிருந்து ஓடிவந்து "என்ர மருமோனே" என்று நெஞ்சில் அடித்தார், அவனைக் கண்டிராத அந்தப் பெடியனும் பெண்சாதியும்கூட அழுதார்கள். தவமணி இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் நின்றேன். குழம்பு அகப்பையிலிருந்து என் பாதத்தில் ஒழுகியது, சூடு தெரியவில்லை. எனக்குள் ஒரு சொல் வந்தது. சரி. அவ்வளவுதான் வந்தது. ஒரு எதிர்ப்பும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை, காலையிலிருந்து இந்தச் சனத்தைத் திட்டித் திட்டி நான் காத்த பிள்ளையை ஒரு தொப்பியைக் கண்டதும் கொடுத்துவிட்டேன். கனகலிங்கத்தாராவது அரை மணித்தியாலம் இருந்து, தேத்தண்ணி வரும்வரை பொறுத்து முடிவெடுத்தார். அந்தப் பொலிஸ்காரன் ஏதோ கேட்கிறான். அழுகைக்கு மேலால் எனக்குக் கேட்கவில்லை, திரும்பக் கேட்கச் சொன்னேன். அவன் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, மிகவும் மரியாதையாக, கீழே நிற்கிற கார்கள் உங்கள் விருந்தாளிகளுடையதா என்று கேட்டான். கார்கள். தீயணைப்பு வண்டி வருகிற பாதையில் நாலு, மற்ற வீட்டுக்காரரின் இடங்களில் ஐந்து, ஒரு கறுப்புப் பென்ஸ் குப்பை அறைக் கதவை மறித்துக்கொண்டு, அயலவர் முறைப்பாடு. நான் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் பொலிஸ் வெளிறிப்போனாள், உள்ளே நெஞ்சில் அடிக்கிறவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, "தண்டம் எழுதமாட்டோம், எடுத்தால் போதும், தயவுசெய்து," என்றாள். "கார்," என்று நான் திரும்பிக் கத்தினேன். "கார் எடுக்கட்டாம்! ஒண்டும் இல்லை, கார்!" ஒருவர் காதிலும் ஏறவில்லை. கறுப்புப் பென்ஸின் சொந்தக்காரர், என் மச்சான், நிலத்தில் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. தெரியாத இலக்கம். அகப்பையைப் பொலிஸ்காரனின் கையில் கொடுத்தேன், அவன் வாங்கிக்கொண்டான், போனைக் காதில் வைத்தேன். காற்று இரைந்தது. "அப்பா," என்றான். "அப்பா, நான்தான். இது ஹெலிகொப்டரில வந்த ஆளின்ர போன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, கேக்குதே? என்ன சத்தம் அது?" பின்னால் ஒப்பாரி இன்னும் ஏறியது. பிறகு அவனுடைய குரல் மாறியது, சின்னப் பெடியனாய் மாறியது. "அங்க ஏன் எல்லாரும் அழுகினம்? அப்பா, ஆர் செத்தது? அம்மாவே? அம்மாவைக் குடுங்கோ. அப்பா, சொல்லுங்கோ, ஆர் செத்தது?" அழத் தொடங்கிவிட்டான். ஒருநாளும் கோபிக்காத, எல்லாவற்றுக்கும் சிரிக்கிற என் மகன், மலையில் எங்கேயோ நின்று, ஆருடையதோ போனைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். நாயே, உன்னைத்தான்டா அழுகினம் என்று சொன்னால் முடிந்துவிடும். அந்தச் சொல் எனக்கு வந்துவிட்டது, நாக்கின் நுனியில் நின்றது. நான் சொல்லவில்லை. அழட்டும். அவனும் கொஞ்ச நேரம் இதுக்குள் நின்று பார்க்கட்டும். போனைக் காதோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சை இழுக்கிறதையும் விடுகிறதையும் மூக்கை உறிஞ்சுகிறதையும் கேட்டுக்கொண்டே நின்றேன், கேட்கக் கேட்க எனக்குப் போதவில்லை.